வாடகைச் சண்டையும் அரை டாலர் பேட்டாவும்

2018 செப்டம்பர்ல நான் லிவர்பூல் போய் இறங்கினப்ப ஃபுட்பால் பத்தி எனக்குத் தெரிஞ்சது ரெண்டே விஷயம். வேர்ல்ட் கப் வந்தா பிரேசில் பக்கம் நிக்கணும், பிரேசில் தோத்தா அர்ஜென்டினா பசங்க கிண்டல் பண்ணுவாங்க, அவ்ளோதான். மாஸ்டர்ஸ் ஒரு வருஷம், கையில காசு கம்மி, அதனால யுனிவர்சிட்டி பக்கத்துல எடுக்காம வடக்கால வால்டன்ங்கிற ஏரியாவுல ஒரு வீட்டு மாடி ரூம் புடிச்சேன். வயசான புருஷன் பொண்டாட்டி, பிள்ளைங்க எல்லாம் கல்யாணம் ஆகி தனியா போயிட்டாங்க. பெட்டிய இழுத்து மேல வச்சுட்டு மூச்சு வாங்கிட்டு நிக்கிறேன், வீட்டுக்காரர் மாடிப்படிக்கு கீழ நின்னுகிட்டு கேட்டாரு, "நீ சிவப்பா, நீலமா?" பெட்ஷீட் கலர்தான் கேக்குறார்னு நெனச்சு, சிவப்புன்னா சாயம் போகும், நீலமே இருக்கட்டும்னு சொல்லிட்டேன். மனுஷன் மூஞ்சியில வந்த சந்தோஷத்த பாக்கணுமே. உள்ள திரும்பி பொண்டாட்டிகிட்ட கத்துறாரு, பையன் நம்ம பையன்தான், வாடகையில பத்து பவுண்டு குறைச்சுக்கோன்னு.

நான் எவர்டன் ஃபேன் ஆன வரலாறு இதான்.

லிவர்பூல் ஊர்ல ரெண்டு டீம். சிவப்பு சட்டை லிவர்பூல், உலகம் பூரா தெரியும். நீல சட்டை எவர்டன், அந்த ஊர்ல மட்டும் நல்லா தெரியும் (எங்க வீட்டுக்காரர் இதப் படிச்சா என்னைக் கொன்னுடுவாரு). சிவப்போட கிரவுண்டு ஆன்ஃபீல்டு, நீலத்தோட கிரவுண்டு அப்ப கூடிசன் பார்க், நடுவுல ஸ்டான்லி பார்க்னு ஒரு பெரிய பூங்கா, ரெண்டுக்கும் நடுவுல ஒரு மைல் கூட வராது, டீ ஆறுறதுக்குள்ள நடந்து போயிடலாம்னு வச்சுக்கோங்களேன். நான் மொதல்ல என்ன நெனச்சேன்னா, ஊர் ரெண்டா பிரிஞ்சு கிடக்கும் போல, இந்தத் தெரு இவனுங்க அந்தத் தெரு அவனுங்க, இல்லன்னா சாதி மதம் மாதிரி ஏதோ ஒண்ணு உள்ள இருக்கும்னு. அப்படி எதுவுமே இல்ல. ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம், ஒரே பப், நிறைய வீட்ல ஒரே சாப்பாட்டு மேஜை. எங்க வீட்ல வீட்டுக்காரர் நீலம், அவரோட மச்சினன், அதாவது அந்தம்மாவோட தம்பி, சுத்த சிவப்பு. ரெண்டு பேருக்கும் நாப்பது வருஷத்துக்கு மேல உறவு, ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு டெர்பி மேட்ச் (ஒரே ஊர் டீம் ரெண்டும் மோதுறது) கூட அந்த வீட்ல பாக்காம விட்டது இல்லையாம்.

வீட்டு ரூல் ஒண்ணு இருந்துச்சு. தோத்த டீம்காரன் அன்னிக்கு சாப்பிட்ட பாத்திரம் மொத்தமும் கழுவணும். டிரா ஆனா? மாடியில குடியிருக்கிறவன் கழுவணும். எனக்கு முன்னாடி அந்த ரூம்ல இருந்தவங்க எல்லாரும் கழுவியிருக்காங்களாம், சம்பிரதாயம்.

இந்தப் பகை எப்படி வந்துச்சுன்னு வீட்டுக்காரர்கிட்ட கேட்டப்ப அவர் ஒரே வார்த்தை சொன்னாரு, வாடகை. நான் என்னைச் சொல்றாரோன்னு பயந்துட்டேன்.

அப்புறம் உக்கார்ந்து படிச்சா நிஜமாவே வாடகைதான். எவர்டன் 1878ல செயின்ட் டொமிங்கோங்கிற சர்ச் பசங்க ஆரம்பிச்ச டீம், அடுத்த வருஷமே எவர்டன்னு பேர் மாத்திட்டாங்க. 1884ல இருந்து அவங்க ஆடினது எங்கன்னு நெனக்கிறீங்க, ஆன்ஃபீல்டுல! ஆமா, இன்னிக்கு லிவர்பூலோட கோயில் மாதிரி இருக்கிற அதே ஆன்ஃபீல்டு. அங்க கிரவுண்டு விஷயம் மொத்தத்தையும் கையில வச்சிருந்தது ஜான் ஹோல்டிங்னு ஒரு பீர் கம்பெனி முதலாளி, அரசியல்வாதியும் கூட. 100 பவுண்டுல ஆரம்பிச்ச வாடகை கொஞ்ச வருஷத்துல 250 ஆச்சு, பிளேயருங்க சட்டை மாத்துறது அவரோட ஹோட்டல்ல, கிரவுண்டுல விக்கிற பானம் அவரோடது, எதிர்ல நின்னவங்க சர்ச்சுக்காரங்க, குடி கூடாதுங்கிற கோஷ்டி, அதுல ஒருத்தர் ஜார்ஜ் மேஹன், சர்ச்ல ஆர்கன் வாசிக்கிறவரு. 1891ல லீக் சாம்பியன் வேற ஆயிட்டாங்க, காசு வர ஆரம்பிச்சா சண்டையும் வரும்ல. 1892ல ஒரே கூட்டமா கிளம்பி பார்க்குக்கு அந்தப் பக்கம் போய் கூடிசன் பார்க்க கட்டிட்டாங்க. ஹோல்டிங் கையில கிரவுண்டு இருக்கு, டீம் இல்ல. சரி, பேரையாவது விடமாட்டேன்னு எவர்டன்ங்கிற பேர்லயே தனியா கம்பெனி ஒண்ணு போட்டுப் பாத்தாரு, ஃபுட்பால் அசோசியேஷன் ஒத்துக்கல, டீம் யாரு பக்கமோ பேரும் அவங்களுக்குத்தான்னுட்டாங்க. அப்புறம் வேற வழியில்லாம ஊர் பேரையே வச்சு ஆரம்பிச்சதுதான் லிவர்பூல் எஃப்சி.

இன்னொரு விஷயம் சொன்னா நம்ப மாட்டீங்க, அந்தப் புது லிவர்பூல் டீம் மொத நாலு வருஷம் போட்ட சட்டை நீலமும் வெள்ளையும். சிவப்பு வந்தது 1896லதான். இத மச்சினன்காரர்கிட்ட எப்ப சொன்னாலும் ரூம விட்டு எந்திரிச்சுப் போயிடுவாரு.

எனக்கு அப்பதான் பளிச்னு புரிஞ்சது. இது எதிரிங்க சண்டை இல்லப்பா, பங்காளிச் சண்டை. ஒரே சொத்து, ஒரே தாத்தா, வீட்டை ரெண்டா பிரிச்சு நடுவுல சுவர் எழுப்பி, பேரு யாருக்கு பூஜை ரூம் யாருக்குன்னு அடிச்சுக்கிட்டது. மான்செஸ்டர்காரன் மேல லிவர்பூல்காரனுக்கு இருக்கிறது வேற ரகம். அது பக்கத்து ஊர் பகை, எங்க துறைமுகத்துக்கு வந்து காசு கட்டாம 1894ல தனியா கால்வாய் வெட்டி கடல் கப்பல நேரா ஊருக்குள்ள கொண்டு போனவனாச்சே நீங்கிற கோவம். அதுல பாசம்னு ஒண்ணும் கிடையாது. லண்டன்ல ஆர்சனல், டாட்டன்ஹாம் கதை கிட்டத்தட்ட வரப்புத் தகராறு, தேம்ஸுக்கு தெக்கால உல்விச்ல இருந்த ஆர்சனல் 1913ல டாட்டன்ஹாம் இருக்கிற வடக்குப் பக்கம் குடி வந்து, 1919ல லீக்ல நடந்த ஓட்டெடுப்புல டாட்டன்ஹாமோட இடத்தையும் வாங்கிக்கிச்சு. கிளாஸ்கோவப் பத்தி நான் பேசப் போறதில்ல, அங்க மதம் உள்ள பூந்துடுச்சு, அது நான் சொல்ற லிஸ்ட்ல வராது.

மேட்ச் விஷயத்துக்கு வரேன். 2018 டிசம்பர் 2, ஞாயித்துக்கிழமை, ஆன்ஃபீல்டுல டெர்பி. மதியம் ரோஸ்ட் சாப்பாடு, மச்சினன் சிவப்பு ஸ்கார்ஃப் போட்டுட்டு வந்து உக்கார்ந்தாச்சு, பாத்திரமெல்லாம் சிங்க்ல காத்துகிட்டு இருக்கு. 90 நிமிஷம் முடிஞ்சும் 0-0. எவர்டன் ஆன்ஃபீல்டுல ஜெயிச்சு பல வருஷம் ஆச்சு, அதனால டிராவே வீட்டுக்காரருக்கு தீபாவளி. என்னைப் பாத்து கையை தேய்க்கிற மாதிரி சைகை காட்டுறாரு, போய் பாத்திரம் கழுவுன்னு. 96வது நிமிஷம், லிவர்பூலோட வான் டைக் ஒரு உதை விட்டாரு, கால்ல சரியா படாம பந்து வானத்துக்குப் போச்சு, அவரே சீன்னு திரும்பி நடக்க ஆரம்பிச்சுட்டாரு. பந்து மேல போய், சாவகாசமா கீழ வந்து, கோல் பாருக்கு நேரா எறங்குது. எவர்டன் கீப்பர் பிக்ஃபோர்டு சும்மா விட்டிருந்தா வெளிய போயிருக்கும், கையை நீட்டி தட்டப் போக அது பார் மேல பட்டு உள்ளுக்கே குதிச்சு, ஓரிகி தலையால ஒரு முட்டு, கோல். லிவர்பூல் மேனேஜர் க்ளாப் கிரவுண்டுக்குள்ள ஓடி தன்னோட டீம் கீப்பர கட்டிப் புடிக்கிறாரு (அதுக்கு அப்புறம் ஃபைன் போட்டாங்க).

ரூம்ல மச்சினன் கத்தல. அதான் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. ரெண்டு கையையும் வாய் மேல வச்சுகிட்டு, குலுங்கி குலுங்கி சிரிப்ப அடக்கிட்டு, ஓரக்கண்ணால மாமனைப் பாக்குறாரு. வீட்டுக்காரர் ஒண்ணும் பேசல. எந்திரிச்சாரு, கிச்சனுக்குப் போனாரு, குழாயத் திறந்தாரு. சிங்க்ல கிடந்தது எல்லாம் முடிஞ்சப்புறமும் தண்ணி சத்தம் நிக்கல, எட்டிப் பாத்தா அலமாரியில கழுவி அடுக்கி வச்சிருந்த தட்டையெல்லாம் எடுத்து திரும்பக் கழுவிட்டு இருக்காரு. அந்தம்மா மட்டும் வாசப்படியில சாய்ஞ்சு நின்னு, "கண்ணாடி டம்ளரும் இருக்கு பாரு, அதையும் எடுத்துக்கோ"ங்கிறாங்க.

அடுத்த மார்ச்ல கூடிசன்ல 0-0 ஆச்சு, நான் கழுவினேன். அந்த சீசன் கடைசியில லிவர்பூல் 97 பாயின்ட் எடுத்து, 98 எடுத்த மான்செஸ்டர் சிட்டிகிட்ட ஒரே ஒரு பாயின்ட்ல டைட்டில விட்டாங்க. எவர்டன் அந்த வருஷம் ஒண்ணும் ஜெயிக்கல, ஆனா எங்க வீட்டுக்காரர் அந்த 0-0 வ கோப்பை மாதிரி சொல்லிகிட்டு திரிஞ்சாரு. தான் வாழுறத விட பங்காளி வாழாம இருக்கிறதுல உள்ள ருசி, நமக்கு புதுசா என்ன.

ஆனா ஒரு நாள் ராத்திரி டீ குடிக்கிறப்ப அவர் 1985 பத்தி பேசினாரு, குரலே மாறிடுச்சு. அந்த வருஷம் எவர்டன் லீக் சாம்பியன், ராட்டர்டாம்ல ஐரோப்பிய கப் வின்னர்ஸ் கப்பும் ஜெயிச்சாங்க, அவங்க வரலாற்றுலயே பெஸ்ட் டீம்னு சொல்லுவாங்க. ரெண்டு வாரத்துல பிரஸ்ஸல்ஸ் ஹெய்சல் ஸ்டேடியத்துல லிவர்பூல், யுவென்டஸ் ஃபைனல், மேட்சுக்கு முன்னாடி லிவர்பூல் ஆளுங்க எதிர் கூட்டத்து மேல பாய, சுவர் இடிஞ்சு 39 பேர் செத்தாங்க, பெரும்பாலும் இத்தாலிக்காரங்க. இங்கிலாந்து கிளப்புங்களுக்கு ஐரோப்பாவுல அஞ்சு வருஷம் தடை. எவர்டன் ஐரோப்பிய கப் ஆட முடியாமலே போச்சு, 1987ல மறுபடி சாம்பியன் ஆனப்பவும் அதே கதை. தப்பு பண்ணது ஒருத்தன் தண்டனை எனக்குன்னு அந்தக் கோவம் இன்னும் நீலக்காரங்ககிட்ட இருக்கு, நியாயமான கோவம்தான்னு எனக்குப் படுது. செத்தவங்கள நெனச்சா அதச் சொல்லவும் வாய் கூசுதுன்னு அவரே சொன்னாரு.

அதே மூச்சுல 1989க்குப் போனாரு. ஏப்ரல் 15, ஷெஃபீல்டுல ஹில்ஸ்பரோ ஸ்டேடியம், லிவர்பூல் செமி ஃபைனல், கூட்ட நெரிசல்ல நசுங்கி, பின்னாடி செத்தவங்களையும் சேர்த்து 97 பேர். அடுத்த சனிக்கிழமை ஊர்ல ஒண்ணு பண்ணாங்க, கூடிசன்ல ஆரம்பிச்சு ஸ்டான்லி பார்க் வழியா ஆன்ஃபீல்டு வரைக்கும் ஸ்கார்ஃபுங்கள ஒண்ணோட ஒண்ணு முடிச்சு போட்டு ஒரே கயிறா கட்டினாங்க, நீலம் சிவப்பு நீலம் சிவப்புன்னு. நம்ம ஊர்ல பங்காளி எவ்வளவு வெட்டிக்கிட்டாலும் ஒரு வீட்டு சாவுன்னா இன்னொரு வீட்டுக்கும் தீட்டு உண்டு, பேச்சுவார்த்தை இல்லாட்டியும் உண்டு. அத நான் அவருக்கு இங்கிலீஷ்ல விளக்கப் பாத்தேன், சரியா வரல. எனக்கு ஒரு ஸ்கார்ஃப் அங்க போச்சுன்னு மட்டும் சொன்னாரு, டீ கப்பை எடுத்துட்டு உள்ள போயிட்டாரு.

சரி, அமெரிக்கா.

2022ல வேலை கிடைச்சு அலபாமா மாநிலம் ஹன்ட்ஸ்வில் வந்தேன், ராக்கெட் ஊரு. மொத நாள் ஆபீஸ்ல ஐடி கார்டுக்கு ஃபோட்டோ எடுக்கிற அம்மா கேக்குறாங்க, "ஆபர்னா, அலபாமாவா?" நான் உஷாரா, இந்த தடவை பெட்ஷீட் இல்லன்னு தெரியும், யோசிச்சு சொல்றேங்கன்னுட்டேன். அலபாமாவுல பெரிய ப்ரொஃபஷனல் லீக் டீம் எதுவும் கிடையாது, அதனால ரெண்டு யுனிவர்சிட்டி ஃபுட்பால் (இது அமெரிக்கன் ஃபுட்பால், பந்தை கையில புடிச்சு ஓடுறது) டீம்தான் மொத்த மாநிலத்துக்கும் எல்லாம். டஸ்கலூசால இருக்கிற அலபாமாவோட ஸ்டேடியத்துல மட்டும் ஒரு லட்சம் பேர் உக்காரலாம். காலேஜ் பசங்க ஆடுறதப் பாக்க!

இவங்க கதைய தேடிப் பாத்தப்ப எனக்கு சிரிப்பு தாங்கல. 1893ல ஆட ஆரம்பிச்சாங்க. 1907ல 6-6 டிரா. அடுத்த வருஷ மேட்சுக்கு பேச்சுவார்த்தை, பிளேயருங்களுக்கு பேட்டா எவ்வளவு? ஆபர்ன் ஆளுக்கு நாளைக்கு மூன்றரை டாலர் கேக்குறாங்க, அலபாமா மூணு டாலர்தான்ங்கிறாங்க. எத்தனை பேரைக் கூட்டிட்டு வரலாம், அம்பயர் எந்த ஊர்ல இருந்து வரணும்னு வேற இழுபறி. முடிவுக்கு வரல, மேட்ச் நடக்கல. எத்தனை வருஷம்னு நெனக்கிறீங்க? 41 வருஷம்! ரெண்டு உலகப் போர் நடந்து முடிஞ்சுது, இவங்க மூஞ்சி குடுத்துப் பேசல. கடைசியில மாநில சட்டசபையே தலையிட்டு அழுத்தம் குடுத்து 1948ல பர்மிங்ஹாம்ல ஆட வச்சாங்க, மேட்சுக்கு முன்னாடி ரெண்டு காலேஜ் மாணவர் தலைவர்களும் சேர்ந்து பார்க்ல குழி தோண்டி ஒரு சின்ன கோடாலிய பொதைச்சாங்க, பகைய பொதைச்சாச்சுன்னு அர்த்தமாம். அன்னிக்கு ஸ்கோர் அலபாமா 55, ஆபர்ன் 0. பொதைச்சது எவ்வளவு ஆழம்னு தெரிஞ்சுக்கோங்க. பர்மிங்ஹாம் இரும்பு ஆலை ஊருங்கிறதால அயர்ன் பவுல்னு பேர் வந்துச்சு, 1989 வரைக்கும் ஆபர்ன் தன்னோட சொந்த கிரவுண்டுக்கு அலபாமாவ ஒரு தடவை கூட வரவழைக்க முடியல.

இங்க "வீடு ரெண்டாச்சு"ங்கிற அர்த்தத்துல பாதி ஆபர்ன் பாதி அலபாமான்னு பிரிச்சு கார் முன்னாடி மாட்டுற பிளேட் கடையிலயே விக்கிறாங்க. என் டீம்ல ஒருத்தர் வீட்ல அந்த பிளேட் உண்டு, அவர் ஆபர்ன், அவர் வைஃப் அலபாமா. 2023 நவம்பர் 25, தேங்க்ஸ்கிவிங் முடிஞ்ச சனிக்கிழமை, அவங்க வீட்டுக்கு மேட்ச் பாக்கப் போனேன், கையில ஒரு டப்பா மசால் வடை. ரெண்டு பேரும் எதிர் எதிர் சோஃபா. ஆபர்ன் 24-20 முன்னால இருக்காங்க, ஒரு நிமிஷத்துக்கும் கம்மி. இந்த ஆட்டத்துல பத்து கஜம் போக நாலு சான்ஸ், அலபாமா பின்னாடி பின்னாடி போய் கடைசி சான்ஸ்ல 31 கஜம் தாண்டணும்ங்கிற நிலைமை. நடக்கவே நடக்காத விஷயம். என் ஃப்ரெண்டு எந்திரிச்சு நின்னு வடையை வாயில போட்டுட்டாரு. அலபாமாவோட மில்ரோ பந்தை வச்சுகிட்டு நிக்கிறாரு நிக்கிறாரு, ஆபர்ன்காரங்க யாரும் அவரைப் புடிக்க பெருசா போகல, கிட்டத்தட்ட எல்லாரும் பின்னாடி காவல், அப்புறம் ஒரே வீச்சு, கோட்டுக்கு உள்ள மூலையில ஐசயா பாண்ட் புடிச்சுட்டாரு. 27-24.

அவர் வடைய மென்னு முழுங்கிட்டு, ஐஸ் வாங்கிட்டு வரேன்னு கார் சாவிய எடுத்தாரு. ஃப்ரீசர்ல ரெண்டு மூட்டை ஐஸ் இருக்கு. அவர் வைஃப் சிரிக்காம, "பால் கூட தீர்ந்துடுச்சு, மெதுவாவே வாங்க"ன்னாங்க. எனக்கு நேரா வால்டன் கிச்சன் ஞாபகம் வந்துடுச்சு.

இந்தப் பகையோட அசிங்கமான பக்கமும் சொல்லணும். ஆபர்ன் ஊர்ல டூமர்ஸ் கார்னர்னு ஒரு முக்கு, அங்க ரெண்டு பழைய ஓக் மரம், டீம் ஜெயிச்சா ஊரே கூடி டாய்லெட் பேப்பர் ரோல அந்த மரத்து மேல வீசுவாங்க, மரம் வெள்ளையா தோரணம் கட்டின மாதிரி ஆயிடும். 2010 மேட்ச்ல 24-0 பின்னாடி இருந்து ஆபர்ன் 28-27 ஜெயிச்சுது. ஜனவரியில ஒரு ஆள் ரேடியோ ஷோவுக்கு போன் போட்டு, நான் அந்த மரத்துக்கு விஷம் வச்சுட்டேன்னு சொல்றாரு. அறுபது வயசு தாண்டினவர், தன் புள்ளைங்களுக்கே அலபாமா டீம் சம்பந்தமா பேர் வச்சவர். மண்ணை டெஸ்ட் பண்ணா நிஜமாவே களைக்கொல்லி. ஆள் ஜெயிலுக்குப் போனாரு, மரத்த எவ்வளவோ காப்பாத்திப் பாத்து முடியாம 2013 ஏப்ரல்ல வெட்டினாங்க. மரத்துக்கு என்ன தெரியும் ஸ்கோரு?

ஆனா அந்த மரத்துக்கு மருத்துவம் பாக்க காசு வசூல் பண்ணவங்கள்ல ஒரு கூட்டம் அலபாமா ஃபேன்ஸ். விஷம் வச்ச செய்தி வந்து மூணு மாசம் கூட முழுசா ஆகல, ஏப்ரல் 27, 2011ல டஸ்கலூசாவ டொர்னாடோ அடிச்சு தெரு தெருவா வழிச்சு எடுத்துட்டு போச்சு. ஆபர்ன்காரங்க அந்த மரத்து முக்கோட பேர்லயே ஒரு குரூப் ஆரம்பிச்சு, தண்ணி, டயப்பர், துணின்னு வண்டி வண்டியா அலபாமா ஊருக்கு ஏத்திட்டுப் போனாங்க. அந்த ஐடி கார்டு அம்மாவும் போனவங்கதான், எதுவும் பெருமையா சொல்லல, அங்க சாலைய எப்படி அடைச்சிருந்தாங்கன்னு மட்டும் ரொம்ப நேரம் சொன்னாங்க.

சிகாகோவ விட்டுட்டா அங்க இருக்கிற சித்தி பையன் சண்டைக்கு வருவான். அங்க கப்ஸ் வடக்கு, ஒயிட் சாக்ஸ் தெற்கு, ரெண்டு பேஸ்பால் கிரவுண்டையும் ஒரே ரெட் லைன் ரயில் இணைக்குது. 1906 வேர்ல்ட் சீரிஸ்ல மோதிக்கிட்டாங்க, சாக்ஸ் ஜெயிச்சாங்க, அப்புறம் வேற வேற லீக்குங்கிறதால 1997 வரைக்கும் கணக்குல வர்ற மேட்ச்சே கிடையாது, தொண்ணூறு வருஷம் வெறும் வாய்ச் சண்டைதான். 2025 மே மாசம் புது போப் சிகாகோக்காரர்னு தெரிஞ்சதும் ஊர் மொதல்ல கேட்ட கேள்வி, அவர் கப்ஸா சாக்ஸா? கப்ஸ்னு ஒரு வதந்தி கிளம்ப, அவரோட அண்ணன் டிவியில வந்து இல்லவே இல்ல சாக்ஸ்தான்னு சொல்ல வேண்டியதாச்சு. 2005 வேர்ல்ட் சீரிஸ் மொத மேட்ச் வீடியோவுல அவர் கூட்டத்துல உக்கார்ந்திருக்கிறதையும் தோண்டி எடுத்துட்டாங்க. 2024 சீசன்ல சாக்ஸ் 121 மேட்ச் தோத்திருந்தாங்க, ஆண்டவன் பார்த்து அனுப்பின ஆள்னு என் தம்பி சொல்றான். அவன் கப்ஸ்.

2025 பிப்ரவரி 12, புதன்கிழமை, கூடிசன் பார்க்ல கடைசி டெர்பி. சீசன் முடிஞ்சதும் எவர்டன் ஆத்தங்கரையில டாக் பக்கம் கட்டின புது ஸ்டேடியத்துக்குப் போறாங்க, 133 வருஷ வீட்ட காலி பண்றாங்க. எனக்கு இங்க மதியம், மீட்டிங்ல கேமராவ ஆஃப் பண்ணிட்டு போன்ல பாத்துட்டு இருந்தேன். லிவர்பூல் 2-1 முன்னாடி, எக்ஸ்ட்ரா டைமும் முடியப் போகுது, 98வது நிமிஷம் எங்கிருந்தோ டார்கோவ்ஸ்கி, டிஃபென்டர், ஒரு அடி அடிச்சாரு பாருங்க, வலை மேல்பக்கம் கிழிஞ்சிருக்கும். 2-2. மியூட்ல இருந்ததால தப்பிச்சேன். விசில் ஊதினப்புறமும் தள்ளுமுள்ளு, ரெண்டு பக்கத்து பிளேயருக்கும் லிவர்பூல் மேனேஜருக்கும் ரெட் கார்டு, நல்ல பங்காளி வீட்டு கல்யாணம் மாதிரி முடிஞ்சுது.

உடனே வால்டனுக்கு வாட்ஸ்அப் போட்டேன், அங்கிள் பாத்தீங்களான்னு. (பேர் சொல்லித்தான் கூப்பிடணும்னு ஒரு வருஷம் சொல்லிப் பாத்தாரு, எனக்கு வாய் வரல.) பத்து நிமிஷம் பதில் இல்ல. அப்புறம் ஒரு ஃபோட்டோ வந்துச்சு, எழுத்து எதுவும் இல்ல. அதே சிங்க், ரெண்டு பேர் சாப்பிட்டா இவ்வளவு விழாது, தட்டு, கிரேவி பாத்திரம், அலமாரி டம்ளர் எல்லாத்தையும் எடுத்து மலையா குவிச்சு வச்சிருக்கு, பக்கத்துல ரெண்டு கிழவனுங்களும் கையைக் கட்டிகிட்டு நிக்கிறாங்க, நான் எப்ப வருவேன்னு.